அத்தை உட்கார்ந்த நான்காவது இடம்

எங்கள் தீவில் எலி இல்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. மேற்கொண்டு சொல்லப்போவது புரிவதற்கு இது தேவைப்படுகிறது.

முன்பு இருந்தன. படகுகளில் வந்து இறங்கி, கரையோரத்தில் தரையிலேயே கூடு கட்டும் கடற்பறவைகளின் முட்டைகளைத் தின்று தீர்த்துவிட்டு, பிறகு எங்கள் வீடுகளுக்கும் வந்தன. அக்கம்பக்கத்தில் உள்ள இரண்டு தீவுகளும் எங்கள் தீவும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, பல ஆண்டுகள் பாடுபட்டு, எங்கள் தீவில் மட்டும் அவற்றை அடியோடு ஒழித்தன. பெரிய தீவில் அது நடக்காது என்று தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நடுத் தீவில் முயற்சி தொடர்கிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறார்கள். நானும் ஒவ்வொரு முறையும் அவ்வாறே எழுதிக்கொள்கிறேன். மூன்று தீவுகளின் கூட்டுக் குழுவில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.

அதே குழுவில் என் அக்கா மோப்ப நாயை வைத்து வேலை வாங்குபவள். படகில் வரும் ஒவ்வொரு மூட்டையையும் பெட்டியையும் நாய் மோந்து பார்த்த பிறகுதான் துறைமுகக் கிடங்கின் தெருக்கதவு திறக்கும். எலி வாசனை இருந்தால் நாய் அந்தப் பொருளின் முன்னால் உட்காரும். குரைக்காது, பிறாண்டாது. உட்காரும், அவ்வளவுதான்.

அந்த நாய்க்கு அலுவல் முறைப்படி ஓர் எண் உண்டு. ஆனால் எல்லோருக்கும் அது அத்தைதான். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், வந்தவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கொண்டுவந்த பையைப் பார்ப்பதால் வந்த பெயர். எங்கள் சொந்த அத்தைக்கு இதில் மனவருத்தம் உண்டு.

"நாய்க்கு வைக்க வேற உறவே கிடைக்கலையா? சித்தின்னு வைக்கறதுதானே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். சித்தி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அதற்குப் பிறகு பேச்சு நாயைவிட்டு வேறு பக்கம் போய்விட்டது.

பெயர் அப்படி அமைந்துவிட்டபடியால், 'வந்தது, போனது' என்று மரியாதைக் குறைவாக எழுத எனக்குக் கை வரவில்லை. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எலியே இல்லாத இடத்தில் எலி தேடுகிற நாய்க்கு ஒரு சங்கடம் இருக்கிறது. தேடித் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் அதற்கு வேலையே வெறுத்துப்போகும். ஆகவே அவ்வப்போது எங்கேயாவது ஒரு டப்பாவை ஒளித்துவைப்போம். மூடியில் துளை போட்ட சின்னத் தகர டப்பா. உள்ளே எலி படுத்திருந்த மரத்தூள். அத்தை அதைக் கண்டுபிடித்து உட்கார்ந்தால் அக்கா ஒரு ரப்பர் பந்தைத் தூக்கிப் போடுவாள். மூன்று தீவுகளின் பாதுகாப்பும் அந்தப் பந்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது. எங்களிடம் எலி இல்லாததால் மரத்தூளை நடுத் தீவிலிருந்து தருவித்துக்கொள்கிறோம். அங்கே இதற்கென்றே சில எலிகளைக் கூண்டில் வைத்து நல்லபடியாகப் பராமரிக்கிறார்கள். எலி ஒழிப்பு நிதியில் அவற்றின் சாப்பாட்டுக்கும் ஒரு பங்கு போகிறது. இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று குழுவின் தலைவர் அவர்கள் ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். அது குறிப்பிலும் இருக்கிறது.

அத்தைக்கு வயதாகிவிட்டது. முகவாயில் நரை. படி ஏறுவதற்கு முன்னால் நின்று கொஞ்சம் யோசிப்பார். ஒப்பந்தப்படி நாய் மூன்று தீவுகளுக்கும் பொதுச் சொத்து. வயதான பொதுச் சொத்து பெரிய தீவின் நாய்ப் பராமரிப்பு நிலையத்துக்குப் போய்விட வேண்டும். ஆண்டுத் தேர்வில் தேறினால் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். தேர்வு எளிமையானது. தேர்வாளர் ஒரு டப்பாவை ஒளித்துவைப்பார். அத்தை அதைக் கண்டுபிடிக்க வேண்டும். வேறெங்கும் உட்காரக் கூடாது. ஒரு முறை தப்பாக உட்கார்ந்தாலும் தோல்வி.

தேர்வுக்கு முந்தைய மாலை, அக்கா அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அத்தையின் பாதங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க வரிசையா கம்பிக் கூண்டாம்டி. சிமெண்டுத் தரை. பந்துகூட எல்லாத்துக்கும் பொதுவாம்" என்றாள் என்னிடம்.

"நீ கல்யாணமாகிப் போயிருந்தாக்கூட இந்த வீட்ல இவ்ளோ அழுகை இருந்திருக்காது" என்றார் அம்மா.

"நான் எங்கம்மா அழுதேன்?"

"அதைத்தான் சொல்றேன். அழுது தொலைச்சிடு. உள்ளயே வெச்சுக்கிட்டு என் பாத்திரத்தையெல்லாம் டொம்மு டொம்முன்னு வைக்காதே."

அக்கா துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். அத்தையின் சாப்பாட்டுத் தட்டை எடுத்து, சத்தமில்லாமல் மெதுவாக வைத்தாள்.

மறுநாள் காலை படகு சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. வழக்கமாகத் தேர்வு நாளில் அக்கா அத்தையைக் கிடங்குக்குள் ஒரு சுற்று நடக்கவிட்டு, கை கால் உதறச் செய்து, பிறகுதான் தேர்வு தொடங்கும். அன்று அதற்கு நேரமில்லை. இந்தச் சிறு மாற்றத்தினால் என்னென்ன நேர்ந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

படகிலிருந்து இருவர் இறங்கினார்கள். ஒருவர் பெரிய தீவைச் சேர்ந்த குழுத் தலைவர் அவர்கள். நல்ல மனிதர். யாருக்கும் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே நீளமாகப் பேசுபவர். மற்றவர் நடுத் தீவின் கால்நடை மருத்துவர், டாக்டரம்மா என்போம். தேர்வாளர் அவர்தான். அவர்களை வரவேற்க எங்கள் துறைமுகப் பொறுப்பாளர் நின்றிருந்தார். அவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவர் எந்தக் கப்பலையும் ஓட்டியதில்லை, தொப்பி வைத்திருப்பார்.

படகிலிருந்து மூட்டைகளுக்குப் பிறகு ஒரு பெரிய மரக்கூண்டும் இறங்கியது. நீல வண்ணம் பூசியிருந்தார்கள். பக்கவாட்டில் மூன்று தீவுகளின் சின்னங்கள். உள்ளே தாராளமாக வைக்கோல் பரப்பி, அதன்மேல் பூவேலை செய்த மெத்தை ஒன்றும் போட்டிருந்தது.

"எங்க கிடங்குல ரெண்டு மாசமா ரெடியா வெச்சிருந்தோம்மா. அத்தையைக் கூட்டிட்டுப் போறதுக்கு. அதுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது பாருங்க" என்றார் தலைவர் அவர்கள், அக்காவிடம்.

"தேர்வு இன்னும் முடியலையே சார்" என்றாள் அக்கா.

"அது ஒரு பக்கம் நடக்கட்டும். இது ஒரு பக்கம் இருக்கட்டும்."

கிடங்கு நீளமான தகரக் கூரைக் கட்டடம். டீசலும் ஈரச் சாக்கும் வெங்காயமும் கலந்த வாசனை எப்போதும் இருக்கும். படகுத்துறைப் பக்கம் ஒரு கதவு, தெருப் பக்கம் ஒரு கதவு. இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்க மாட்டோம். மூலையில், நெருக்கமான கம்பிவலை அடித்த ஓர் அறை உண்டு. சந்தேகப்படும் பொருளை அதற்குள் வைத்துத்தான் பிரிப்பார்கள். எலி இல்லாத காலத்தில் அதில் கேப்டன் தம் மிதிவண்டியை நிறுத்திக்கொள்வார்.

தலைவர் அவர்கள் படகுத்துறையிலேயே ஒரு சிறிய உரையாற்றி முடித்தார். பொருட்களையெல்லாம் வரிசையாக வைத்தார்கள். நீலக் கூண்டும் வரிசைக் கடைசியில் வைக்கப்பட்டது. எங்களையெல்லாம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மா டப்பாவை ஒளித்தார். நான் குறிப்பேட்டைத் திறந்தேன். அக்கா கயிற்றைத் தளர்த்தி, "தேடும்மா" என்றாள்.

அத்தை நிதானமாகக் கிளம்பினார். வெங்காய மூட்டைகளைக் கடந்தார். இரும்புப் பெட்டிகளைக் கடந்தார். மூலையில் சுருட்டிப் போட்டிருந்த படகுக் கயிற்றின் முன்னால் வந்ததும் உட்கார்ந்தார்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "இங்க நான் வைக்கலையே" என்றார்.

தலைவர் அவர்கள் வருத்தத்தோடு சொன்னார்: "அப்போ ரெண்டுல ஒண்ணும்மா. ஒண்ணு, தீவுல எலி இருக்கு. இல்லேன்னா நாய்க்கு மூக்கு போயிடுச்சு. எலி இருக்குன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

கேப்டன் இருமினார். பிறகு தொப்பியைக் கழற்றினார். பிறகு குனிந்து, கயிற்றுச் சுருளுக்குள் கையை விட்டு, ஒரு தகர டப்பாவை எடுத்தார்.

"என்னங்க இது?" என்றார் தலைவர் அவர்கள்.

"பயிற்சி டப்பா சார். காலையில நான்தான் வெச்சேன். எடுத்ததும் ஒண்ணு கிடைச்சா அத்தை சந்தோஷமா வேலை பார்ப்பாங்க. ஒரு சுற்று நடக்கும்போது கண்டுபிடிச்சிடுவாங்க, எடுத்துடலாம்னு நினைச்சேன். படகு இப்பிடி நேரத்துக்கு வரும்னு யாரு கண்டா?"

"ஒப்பந்தத்துல தேர்வு நாள்ல வேற டப்பா வைக்கக் கூடாதுன்னு இருக்கே."

"இருக்கு சார்."

தலைவர் அவர்கள் நெடுநேரம் யோசித்து, இந்த உட்காரலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார். அக்கா பந்தைப் போட்டாள். அத்தை கௌவிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, மறுபடியும் கிளம்பினார். எடை போடும் மேடையின் முன்னால் உட்கார்ந்தார்.

இந்த முறை எல்லோரும் கேப்டனைப் பார்த்தோம்.

"சத்தியமா நான் இல்ல" என்றார் கேப்டன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, மேடைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

"டாக்டர், நீங்களே தேர்வாளர்" என்றார் தலைவர் அவர்கள்.

"ஆமா சார்."

"நீங்க ஒளிச்ச டப்பா இதில்லையா?"

"இல்ல சார். இது தனி. இறங்கினதும் முதல் ஆளா உள்ள வந்து வெச்சேன். இவரு சொன்ன அதே காரணந்தான். நீங்க உரையைச் சட்டுனு முடிச்ச அவசரத்துல எடுக்க மறந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க இவ்ளோ சுருக்கமா முடிப்பீங்கன்னு நான் நினைக்கல" என்றார்.

எங்கள் தீவுகள் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியத்தைச் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் செய்ததுதான் அதில் குறை. அந்த உட்காரலையும் கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்ததாக மாவு மூட்டைகளின் நடுவே அத்தை உட்கார்ந்தபோது, டாக்டரம்மா கை தட்டியே விட்டார். அதுதான் தேர்வுக்கு வைத்த டப்பா.

அக்கா அத்தையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். அவளுடைய தோள்கள் கொஞ்சம் இறங்கியதைக் கவனித்தேன். வரிசையில் மிச்சம் இருந்தது நீலக் கூண்டு மட்டும்தான். முறைக்காக அதையும் கடந்துவிட்டால் முடிந்தது.

அத்தை கூண்டை ஒரு சுற்றுச் சுற்றினார். மெத்தைப் பக்கம் மூக்கை நீட்டினார். பிறகு கதவுக்கு நேராக, ஒரு பெருமூச்சு விட்டு, உட்கார்ந்தார்.

"பாருங்க!" என்றார் தலைவர் அவர்கள். "பாருங்கம்மா! புரிஞ்சுக்கிச்சு! போக வேண்டிய இடம் இதுன்னு தெரிஞ்சு, தானே வந்து உக்காந்துடுச்சு. வாயில்லா ஜீவன்!" கைக்குட்டையை எடுத்துக் கண்களை ஒற்றிக்கொண்டார். கேப்டனும் தொப்பியை மறுபடி கழற்றினார்.

அக்கா மட்டும் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ வேலையில இருக்கா சார்" என்றாள். "வேலையில இருக்கும்போது அவ வேற எதுக்கும் உக்கார மாட்டா."

கைக்குட்டை பாதியில் நின்றது. டாக்டரம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "யாராவது வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார். கேப்டன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். நான் பேனாவோடு சேர்த்துத் தலையை ஆட்டினேன். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அத்தை உட்கார்ந்தே இருந்தார்.

"சரி" என்றார் தலைவர் அவர்கள். "அது நான் வெச்சது."

முன்பே சொன்னேன், அவர் நல்ல மனிதர். இரண்டு பேர் உண்மையைச் சொல்லி ஒரு நாயைக் காப்பாற்றியதைப் பார்த்த பிறகு, தாமும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சொல்வதற்கு அவரிடம் உண்மை இருக்கவில்லை.

"அப்பாடா" என்றார் கேப்டன். "முடிஞ்சுது. அத்தை பாஸ். பந்தைப் போடு தங்கச்சி."

அக்கா பந்தைப் போடவில்லை. "டப்பாவை எடுங்க சார்" என்றாள்.

"உள்ள... வைக்கோலுக்கு அடியில எங்கயோ இருக்கும்மா."

"டப்பா உங்களுக்கு எப்பிடிக் கிடைச்சுது? உங்க தீவுக்கு நாங்க டப்பா குடுக்கறதே இல்லையே. உங்களுக்கு அது தேவையே இல்லையே சார்."

தலைவர் அவர்கள் கூரையைப் பார்த்தார். பெரிய தீவுக்குப் பயிற்சி டப்பா தேவைப்படாத காரணம் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

கேப்டன் அக்காவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, மனுஷன் நல்ல எண்ணத்துலதான் சொல்றாரு. வாயை மூடிக்கிட்டு இருந்தா அத்தை உன்கூட இருக்கும். ஏன் வம்பை விலைக்கு வாங்கறே?"

"அண்ணே, நாளைக்கு ஒரு மாவு மூட்டை முன்னாடி இவ உக்காந்தா, மூட்டையைப் பிரிப்பீங்களா, இல்ல யாரு வெச்சதுன்னு விசாரிப்பீங்களா?"

கேப்டன் தொப்பியை மறுபடி தலையில் மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "திறந்து பார்த்து உள்ள ஒண்ணுமே இல்லேன்னா, அது தப்பான உட்காரல்தான். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது. மத்தியானப் படகுல, இதே கூண்டுல, போயாகணும்."

அக்கா அத்தையைப் பார்த்தாள். அத்தை அக்காவைப் பார்க்கவில்லை, கூண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கை, பையிலிருந்த பந்தை இறுகப் பிடித்திருந்தது துணிக்கு மேலேயே தெரிந்தது.

"ரெண்டு கதவையும் சாத்துங்க அண்ணே" என்றாள். "உங்க சைக்கிளை வெளிய எடுங்க."

கூண்டை வலை அறைக்குள் தள்ளினோம். அக்காவும் டாக்டரம்மாவும் கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாளிட்டார்கள். நாங்கள் வலைக்கு வெளியே நின்றோம். அக்கா வைக்கோலைப் பிடிப் பிடியாக எடுத்து ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டாள். ஒன்றுமில்லை. இன்னும் எடுத்தாள். ஒன்றுமில்லை. வைக்கோல் தீர்ந்துகொண்டே வந்தது. கூண்டின் பலகை தெரியத் தொடங்கியது. தலைவர் அவர்கள் என்னிடம், "நான் வேணும்னா ஒரு டப்பாவை இப்போ..." என்று தொடங்கி, நான் எழுதுவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கடைசியாக அக்கா மெத்தையைப் புரட்டினாள். அதன் அடிப்பக்கத்தில் வட்டமாக ஓர் ஓட்டை இருந்தது. அதிலிருந்து பஞ்சு பிதுங்கியிருந்தது. பஞ்சுக்குள்ளிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு முகம் வெளியே வந்து, மீசையை அசைத்து, எங்கள் எல்லோரையும் பார்த்தது. அதற்குப் பின்னால், இன்னும் கண் திறக்காத குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

எங்கள் தீவில் பல ஆண்டுகளுக்குப் பின் நான் பார்த்த முதல் எலி அதுதான். மூன்று தீவுகளின் சின்னங்கள் வரைந்த வாகனத்தில், குடும்பத்தோடு, மெத்தையில் படுத்து வந்திருந்தது.

அக்கா அறையில் தயாராக இருந்த வலைக்கூடையைக் கவிழ்த்து அவற்றை மூடினாள். மற்றதை டாக்டரம்மா பார்த்துக்கொண்டார். அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அக்கா வெளியே வந்து, கையுறையைக் கழற்றி, பந்தைக் கிடங்கின் கோடிக்குத் தூக்கி எறிந்தாள். அத்தை குட்டி நாயைப் போல ஓடினார். திரும்பி வரும்போது வெங்காய மூட்டையில் ஒரு முறை இடித்துக்கொண்டார், பந்தை விடவில்லை. அக்கா முழங்காலிட்டு அவர் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீட்டில் பாத்திரங்களுக்கு இனி ஆபத்தில்லை என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டேன்.

"எழுதிக்கோங்க" என்றார் டாக்டரம்மா என்னிடம். "நாலு தடவை உட்கார்ந்தது. நாலும் சரி."

எழுதினேன். பிறகு அவர் கூண்டின் பலகையைக் குனிந்து பார்த்தார். பின்புறத்தில் ஒரு பலகை நெகிழ்ந்திருந்தது. "அம்மா இங்க இருக்கு, பிள்ளைங்க இருக்கு. அப்பா எங்க?" என்றார்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இந்த முறை பொறுப்பேற்க யாரும் முன்வரவில்லை.

உயிருள்ள எலி ஒன்று தென்பட்டாலே, கரை முழுவதையும் நாயைக் கொண்டு சோதித்து முடிக்கும்வரை படகு எதுவும் வரவும் கூடாது, போகவும் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதை முன்மொழிந்தவர் தலைவர் அவர்களே. எலி இல்லாத தீவு என்ற எங்கள் பெயரும் அதுவரை நிறுத்திவைக்கப்படும். பறவைகள் முட்டையிடும் காலம் வேறு. சோதிக்க மூன்று தீவுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு நாய்தான் இருந்தது. அத்தையின் ஓய்வு பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

"ஏம்மா" என்று தலைவர் அவர்கள் என்னைத் தனியே அழைத்தார். "நான் வெச்சதுன்னு சொன்னேன் இல்ல, அதை மட்டும் குறிப்புலேர்ந்து எடுத்துட முடியுமா?"

"எழுதினதை அடிக்கக் கூடாது சார். அடுத்த கூட்டத்துல திருத்தம் கொண்டுவரலாம்."

"அடுத்த கூட்டம் எப்போ?"

"படகு விட்டதும் சார்."

அவருக்குக் கேப்டன் அலுவலகத்தின் மாடியில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தோம். விதிப்படி, அன்றாடம் காலையில் அவருடைய பெட்டியை அத்தை சோதிப்பார் என்பதைத் தயக்கத்தோடு சொன்னேன். அவர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

அன்று மாலையிலேயே அக்காவும் அத்தையும் கரையின் முதல் பகுதியைச் சோதித்துவிட்டு வந்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அத்தை சோர்ந்துவிடக் கூடாதே என்று, கேப்டன் அக்காவிடம் முறைப்படி அனுமதி கேட்டு, பாறை இடுக்கில் ஒரே ஒரு டப்பாவை வைத்திருந்தார். நானும் அதைக் குறித்துக்கொண்டேன்.

நீலக் கூண்டை வைக்கோல், மெத்தை சகிதம் துறைமுகத்து வெட்டவெளியில் எரித்தோம். அதுவும் விதிதான். வண்ணம் பூசிய பலகையானதால் நன்றாக எரிந்தது. தலைவர் அவர்கள் மாடி ஜன்னலில் நின்று பார்த்தார். அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அத்தை நெருப்பின் பக்கம் நடந்துபோனபோது எல்லோரும் அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தோம்.

அவர் உட்காரவில்லை. பந்தை இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, சூடான தரையில் படுத்துக்கொண்டார். படுப்பதைப் பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை.